வீட்டோடு ஏரிக்கரைக்கு: கார்த்திகை, மார்கழியில் நீர்ப்பறவை பார்ப்பது எப்படி

வடகிழக்குப் பருவமழையில் ஏரி குளங்கள் நிரம்பிக் கிடக்கும் கார்த்திகை, மார்கழிதான் தமிழ்நாட்டில் நீர்ப்பறவை பார்க்கத் தோதான காலம். வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகள் அதற்குள் வந்து இறங்கியிருக்கும். நம்மூர் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்ட ஆரம்பித்திருக்கும். அப்படியும் வீட்டோடு கிளம்பிப் போனவர்களில் பலர், "தூரத்தில் கருப்பு கருப்பாக என்னவோ மிதந்தது" என்றுதான் வந்து சொல்கிறார்கள். பறவை இல்லாமல் இப்படி ஆவது அபூர்வம். வெயிலுக்கு எதிரே நின்று பார்த்திருப்பார்கள், பத்து மணிக்குப் போயிருப்பார்கள், அல்லது ஓரிடத்தில் உட்காராமல் கரையைச் சுற்றிச் சுற்றி நடந்திருப்பார்கள். இந்த மூன்றையும் சரிசெய்துகொண்டால் பக்கத்து ஊர் ஏரியே போதும்.

எந்த ஏரி, எந்தக் கரை

வேடந்தாங்கல், கரிக்கிலி, வெள்ளோடு, கரைவெட்டி, வடுவூர், கூந்தன்குளம் போன்ற சரணாலயங்களுக்குப் போனால் கூட்டம் கூட்டமாகப் பறவை பார்க்கலாம். கூடவே விடுமுறை நாளென்றால் மனிதக் கூட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு, அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய உள்ளூர் ஏரியோ கண்மாயோதான் நல்லது. பிள்ளை அழுதால் திரும்பிவிடலாம், அடுத்த வாரம் மறுபடி போகலாம்.

ஏரியைத் தேர்ந்தெடுக்கும்போது நீர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்ப்பதைவிட, நீரின் ஆழம் இடத்துக்கு இடம் மாறுகிறதா என்று பாருங்கள். தலையை நீருக்குள் விட்டு வாலைத் தூக்கி மேயும் வாத்துகளுக்கு ஒரு முழத்துக்கும் குறைவான ஆழம் வேண்டும். சேற்றில் இரை தேடும் சின்னப் பறவைகளான உள்ளான்களுக்கு வெறும் சேறு. கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் ஆழமான தண்ணீர் போதும். நான்கு பக்கமும் கல் பதித்துச் செங்குத்தாகக் கரை கட்டிய ஏரியில் ஓரத்து ஆழமற்ற நீரே இருக்காது. பார்க்க அழகாக இருந்தாலும் அங்கே நீர்க்காகத்தையும் முக்குளிப்பானையும் தவிர அதிகம் தேறாது. ஆகாயத்தாமரை முழுக்க மூடிய ஏரியும் வேண்டாம். பாதி மூடியது பரவாயில்லை. அதன் ஓரத்தில்தான் தாழைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் மேயும்.

கரைதான் இதில் முக்கியம். தமிழ்நாட்டுச் சமவெளியில் நிலம் பொதுவாக மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. ஆகவே பழைய ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கரை கிழக்கே, நீர்ப்பரப்பு மேற்கே. காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பறவையின் அலகு, கால், கண் எல்லாம் நிறத்தோடு தெரியும். அதே கரையில் மாலை நின்றால் நீரின் பளபளப்பில் எல்லாம் கருநிழலாகிவிடும். அதனால் இந்த வகை ஏரிக்குக் காலையில் போங்கள். மாலைதான் முடியும் என்றால் கரையை விட்டுவிட்டு, நீர் வந்து சேரும் மேற்குப் பக்கமான உள்வாய்க்குப் போய்க் கிழக்கே பார்த்து நில்லுங்கள். உங்கள் ஏரியின் கரை எந்தத் திசையில் இருக்கிறது என்று கைபேசி வரைபடத்தின் செயற்கைக்கோள் படத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

உள்வாய் ஆழம் குறைந்த பகுதி. வாத்து, நாரை, உள்ளான் எல்லாம் அங்கேதான் கூடும். ஆனால் மழைக்காலத்தில் அங்கே சேறு முழங்கால் வரை இழுக்கும். பாதை இல்லாமல் பிள்ளைகளோடு இறங்காதீர்கள். கரையிலிருந்தே தூரநோக்கியால் உள்வாயைத் துழாவலாம்.

ஏரி நிரம்பி வழிந்தால், மிகுந்த நீர் வெளியேறும் கலங்கல் பக்கம் ஒரு கண் வையுங்கள். வழியும் நீரில் மீன் ஏறும், இறங்கும். சின்னக் கொக்கு, மடையான், சாம்பல் நாரை எல்லாம் வரிசை கட்டி நிற்கும். பார்க்கலாம், ஆனால் தள்ளி நின்று. கலங்கலின் பாசி பிடித்த கல்லில் பெரியவர்களே வழுக்கி விழுகிறார்கள்.

கனமழை பெய்த மறுநாள் போனால் ஏமாற்றம்தான். எங்கு பார்த்தாலும் தண்ணீர் இருப்பதால் பறவைகள் வயலுக்கும் குட்டைக்கும் சிதறிவிடும். மழை நின்று நான்கைந்து நாள் கழியட்டும்.

நேரம்

மார்கழியில் பொழுது விடிய ஆறரை ஆகிவிடும். ஆறரையிலிருந்து ஒன்பது வரை இரை தேடும் நேரம். எல்லாம் அசைந்துகொண்டிருக்கும், அசையும் பறவையைத்தான் புதியவர்களின் கண் பிடிக்கும். ஒன்பதரைக்கு மேல் வாத்துகள் அலகை முதுகுச் சிறகுக்குள் செருகித் தூங்க ஆரம்பித்துவிடும். பனிமூட்டம் இருக்கிற நாளில் ஏழரை வரை நீர்ப்பரப்பே தெரியாது. வானிலையைப் பார்த்து அரை மணி தாமதமாகக் கிளம்புங்கள், பிள்ளைகளைச் சும்மா குளிரில் நிறுத்த வேண்டாம்.

கூடு கட்டும் ஏரிகள் மட்டும் விதிவிலக்கு. அங்கே மாலை நான்கு மணிக்கு மேல் போனால், இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி மரத்தில் இறங்குவதைப் பார்க்கலாம். ஐந்தரைக்கு மேல் வெளிச்சம் வேகமாகக் குறையும். அந்த நேரத்தில் வக்கா எனப்படும் இராக்கொக்கு "குவாக்" என்று ஒற்றைக் குரல் கொடுத்தபடி எதிர்த்திசையில் வேட்டைக்குக் கிளம்பும்.

ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முக்கால் மணி நேரம் போதும். பெரிய பிள்ளைகள் இரண்டு மணி நேரம் தாங்குவார்கள். மொத்தம் ஆறேழு பேருக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார வேண்டாம்.

தூரநோக்கி

வீட்டுக்கு ஒன்று போதும், இரண்டு இருந்தால் சண்டை வராது. வாங்குவதென்றால் 8×42 அல்லது 8×30. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42 என்றால் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், விடியற்காலை மங்கலுக்குத் தாராளம். சட்டைப்பையில் அடங்கும் 8×21 என்றால் 2.6 மில்லிமீட்டர்தான், ஏழு மணிக்கு முன் எல்லாம் இருட்டாகத் தெரியும். பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகும். பொருட்காட்சிக் கடைகளில் 30×60 என்று எழுதி விற்கும் சின்னக் கருவிகளின் எண்ணை நம்ப வேண்டாம்.

கண்ணுக்குப் பொருத்தும் முறையை வீட்டிலேயே, எதிர்வீட்டுப் பெயர்ப்பலகையை வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். கருவியின் இரு குழாய்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டங்களும் ஒரே வட்டமாகத் தெரியும்படி செய்யுங்கள். வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்கு எழுத்துத் தெளிவாகும் வரை கொண்டுவாருங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்குழாயில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டால், அடுத்தவர் மாற்றினாலும் திரும்பக் கொண்டுவரலாம். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்குழாயின் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும். அப்படியே விட்டால் சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரியும்.

"எனக்கு ஒன்றுமே தெரியலையே" என்று பிள்ளைகள் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று, பெரியவர்களின் தூரநோக்கி சின்ன முகத்துக்குப் போதுமான அளவு மடங்காது. இரு கண்ணுக்கும் ஒன்றாகப் படம் விழாது. அவர்களை ஒரு குழாயில் ஒரு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, தூரநோக்கியைக் கண்ணில் வைத்தபின் பறவையைத் தேடுவது. முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பார்த்து, பார்வையை எடுக்காமல், தூரநோக்கியைக் கண்ணுக்குத் தூக்க வேண்டும். பத்துத் தடவை பழகினால் வந்துவிடும். சூரியனைத் தூரநோக்கியால் பார்க்கவே கூடாது என்பதை ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், கண் போய்விடும்.

குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடியில் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். கிளம்பும்போதே பையில் போட்டு மூடி, இறங்கிப் பத்து நிமிடம் கழித்து வெளியே எடுங்கள்.

கரையேறுவது, உட்காருவது

கரைமேல் வரிசையாக நடந்து வரும் மனிதர்கள் வானத்தின் பின்னணியில் அரை மைல் தூரத்திலிருந்தே பறவைக்குத் தெரிவார்கள். கரையின் வயல்பக்கச் சரிவை ஒட்டிக் கீழேயே நடந்து வந்து, உட்காரத் தேர்ந்த இடத்தில் மட்டும் மெல்ல மேலே ஏறுங்கள். ஒரு பனையோ கருவேலமோ பின்னால் இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் மரம் இருந்தால் உங்கள் உருவம் தனித்துத் தெரியாது.

வெள்ளை, பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு வேண்டாம். மங்கிய பச்சை, காக்கி, பழுப்பு போதும். பிள்ளைகளின் கொலுசை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். காலில் மூடிய காலணி இருக்கட்டும். கருவேல முள் செருப்பை ஊடுருவி ஏறும், பனி நனைத்த புல்லில் பாம்பும் இருக்கும். பாய் ஒன்று, தொப்பி, தண்ணீர், கொசுவுக்குப் பூச, தாத்தா பாட்டிக்கு மடக்கு நாற்காலி. கழிப்பறை வேலையைக் கிளம்பும் முன் முடித்துக்கொள்ளுங்கள், ஏரிக்கரையில் அதற்கு வழியில்லை.

நீங்கள் மேலே ஏறியதும் பக்கத்தில் இருந்தவை விலகிப் போகும். அது இயல்பு. அசையாமல் உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பும். இந்தக் கால் மணி நேரத்தைத் தாங்காமல்தான் பலரும் எழுந்து அடுத்த இடத்துக்கு நடக்கிறார்கள், அங்கேயும் அவை விலகுகின்றன. பிள்ளைகளைத் தாங்க வைக்க ஒரு வேலை கொடுங்கள். கண்ணில் படும் அடையாளங்களுக்கெல்லாம் பெயர் வைக்கச் சொல்லுங்கள்: மதகு, மொட்டைப்பனை, இரண்டாவது கருவேலம், கம்பிக் கால். பிறகு "அதோ, அதோ" என்று கையை வீச வேண்டியதில்லை. "மொட்டைப்பனைக்கு நேர் கீழே, நீரோரம்" என்றால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். பேச்சைவிடக் கையை வேகமாக வீசுவதற்குத்தான் பறவை அதிகம் மிரளும்.

செம்மூக்கு ஆள்காட்டி கத்திக்கொண்டு தலைக்குமேல் வட்டமடித்தால் அது உங்களைத்தான் காட்டிக்கொடுக்கிறது. அப்படியே நின்றுவிடுங்கள், அது அடங்கட்டும். நாமக்கோழிகள் திடீரென்று ஒன்றோடொன்று நெருங்கிக் கொத்தாகச் சேர்ந்தால் மேலே பாருங்கள். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும்.

எதை எப்படி அடையாளம் காண்பது

நிறத்தில் ஆரம்பிக்காதீர்கள். என்ன செய்கிறது என்று பாருங்கள். நடக்கிறதா, மிதக்கிறதா, முங்குகிறதா, மரத்தில் இருக்கிறதா என்ற ஒரே கேள்வியில் பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

முங்குகிறவற்றில் மிகச் சிறியது முக்குளிப்பான். வாலே இல்லாத உருண்டை உடம்பு, சட்டென்று மறையும். எங்கே எழும் என்று பிள்ளைகளைப் பந்தயம் கட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் வேறெங்கோ எழும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இரண்டுமே இறக்கையை விரித்துக் காயவைக்கும், அதைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. அலகைப் பாருங்கள். நீர்க்காகத்துக்கு நுனி கொக்கியாக வளைந்திருக்கும். பாம்புத்தாராவுக்கு நேராக, ஊசியாக இருக்கும், கழுத்தும் மிக நீளம். நீந்தும்போது உடம்பு முழுக்க நீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. அது மீனைக் கொத்திப் பிடிப்பதில்லை, குத்திப் பிடிக்கிறது. குத்திய மீனோடு மேலே வந்து, தலையை உதறி அதை விடுவித்து, மேலே தூக்கிப்போட்டு, தலை முதலாக வாயில் வாங்கும். வால் முதலாக விழுங்கினால் செதிலும் முள்ளும் தொண்டையில் மாட்டும். தூரநோக்கியில் இதை ஒருமுறை பார்த்த பிள்ளை அப்புறம் வீட்டுக்குக் கிளம்ப மறுக்கும்.

மிதக்கும் கருப்புப் பறவை நெற்றியில் வெள்ளை இருந்தால் நாமக்கோழி. சிவப்பு நெற்றியும் மஞ்சள் அலகு நுனியும் இருந்தால் தாழைக்கோழி. இரண்டும் வாத்து அல்ல.

வெள்ளைக் கொக்குகளில்தான் குழப்பம் அதிகம். கால்விரல் தெரியும் வரை காத்திருங்கள். கருப்புக் கால், மஞ்சள் பாதம், கருப்பு அலகு என்றால் சின்னக் கொக்கு. அது பாதத்தை நீரில் கலக்கிக் கலக்கி மீனைக் கிளப்பும். மஞ்சள் அலகு, தடித்த குட்டைக் கழுத்து, மாடுகளுக்குப் பக்கத்தில் நின்றால் உண்ணிக்கொக்கு. ஆளுயரத்தில் பாதிக்கு மேல் கழுத்தை நீட்டி அசையாமல் நிற்பது பெரிய கொக்கு. அதன் வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். பழுப்பாக வரிவரியாகக் கரையோரம் குனிந்திருக்கும் மடையானைப் பறக்கும் வரை யாரும் பார்ப்பதில்லை. பறந்ததும் இறக்கை முழு வெள்ளை. "பழுப்புப் பறவை எங்கே போச்சு?" என்பார்கள் பிள்ளைகள்.

நத்தைக்குத்தி நாரையின் அலகை மூடிய நிலையில் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடிக்க உதவும் அந்த இடைவெளி இளம் பறவைக்கு இருக்காது, வளர வளரத்தான் வரும். கரண்டிவாயன் தலையை இடமும் வலமும் வீசி நீரை அலசிக்கொண்டே நடக்கும். சங்குவளை நாரையும் வெள்ளை அரிவாள் மூக்கனும் அலகை நீரிலோ சேற்றிலோ விட்டுத் துழாவும், தொடுகிற இரையைக் கவ்வும்.

வாத்துகள் எல்லாம் ஒரே பழுப்பாகத் தெரிகின்றன என்று வருத்தப்பட வேண்டாம், உங்கள் கண்ணில் குறையில்லை. இனப்பெருக்கம் முடிந்த ஆண் வாத்து பகட்டான சிறகை உதிர்த்துப் பெட்டை போன்ற நிறத்துக்கு மாறும், அந்தக் கோலத்தோடேயே பல இங்கே வந்து சேரும். ஊசிவால் வாத்தின் ஆண் மார்கழிக்குள் பெரும்பாலும் தேறிவிடும்: காப்பி நிறத் தலை, கழுத்தில் ஏறும் வெள்ளைக்கோடு, நீண்ட வால். நீலச்சிறகி இன்னும் தாமதம். கண்ணுக்கு மேல் அந்த வெள்ளைப் பட்டை தை, மாசி வாக்கில்தான் முழுசாகத் தெரியும். அதுவரை அலகைப் பாருங்கள். முன்பக்கம் அகன்று தட்டையாக இருந்தால் தட்டைவாயன். கருப்பு அலகின் நுனியில் மஞ்சள் இருந்தால் நம்மூரிலேயே இருக்கும் புள்ளி மூக்கு வாத்து. பறக்கும்போது சீழ்க்கை கேட்டால் சீழ்க்கைச் சிறகி.

கூந்தன்குளம் பக்கம் போகிறவர்கள் வரித்தலை வாத்தைத் தேடுங்கள். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கருப்புக் கோடு. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து இமயமலையைத் தாண்டி வருவது அது.

எண்ணும் வேலை

எட்டு வயதுப் பிள்ளையிடம் எண்ணும் பொறுப்பை ஒப்படைக்கலாம். நூறு பறவையை ஒவ்வொன்றாக எண்ணச் சொன்னால் நடுவில் நான்கு பறந்துவிடும், கணக்கு போய்விடும். முதலில் பத்தை எண்ணுங்கள், அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனசில் வாங்கிக்கொண்டு, அதே அளவாக இடமிருந்து வலம் நகருங்கள். பெரிய கூட்டத்துக்கு ஐம்பதாக. முக்குளிப்பான் மட்டும் எப்போதும் குறைவாகவே வரும், ஏனென்றால் சில நீருக்குள் இருக்கும். இரண்டு மூன்று தடவை எண்ணி அதிகமான எண்ணை எழுதுங்கள். ஒருவர் பார்க்க, ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத என்று மாற்றி மாற்றிச் செய்தால் யாருக்கும் சலிப்பு வராது. தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், உட்கார்ந்த இடம் நான்கும் குறிப்பில் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

கூடுள்ள மரத்தடிக்குப் போகாதீர்கள். தாய்ப்பறவை எழுந்த சில நிமிடங்களில் காகமோ பருந்தோ முட்டையைத் தூக்கிவிடும், வெயில் ஏறினால் சின்னக் குஞ்சு தாங்காது. படம் பிடிக்கப் பறக்கட்டும் என்று கல்லெறிவது, கைதட்டுவது, டிரோன் விடுவது, கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவது எதுவும் வேண்டாம். வாத்துகளுக்கு பன், பொரி போடுவதும் வேண்டாம். நம் ஏரி வாத்துகள் அதற்குப் பழகியவை அல்ல, நீர்தான் கெடும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை.

தூண்டில் நரம்பிலோ வலையிலோ சிக்கிய பறவையைப் பார்த்தால் பிள்ளைகளை விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். நாரையும் பாம்புத்தாராவும் பயந்தால் நேராகக் கண்ணைப் பார்த்துத்தான் குத்தும். செத்த பறவைகள் ஒன்றுக்கு மேல் கிடந்தால் தொடவே வேண்டாம், காரணம் நோயாக இருக்கலாம். அதையும் தகவல் சொல்லுங்கள்.

பிடித்துப்போய்விட்டால்

தேதி போட்ட குறிப்பு நான்கைந்து சேர்ந்தால் அதை, பறவைக் குறிப்புகளைப் பதிவு செய்யும் இணையதளமான இ-பேர்ட்டில் ஏற்றலாம். ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கால் மணி நேரம் எண்ணிப் பதிவு செய்தாலே சேர்ந்துகொள்ளலாம். அதே மாதம் 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. அடுத்த தடவைக்கு வேறு ஏரி தேட வேண்டாம். தை பாதியில் அதே இடத்தில், அதே நேரத்துக்குப் போய் உட்காருங்கள். நீர் வற்றி உள்வாயில் சேறு தெரிந்திருக்கும். கார்த்திகையில் அங்கே இல்லாத நெடுங்கால் உள்ளானும் பொரி உள்ளானும் இறங்கியிருக்கும், கூழைக்கடா ஆழம் தேடி வேறு ஏரிக்குப் போயிருக்கலாம். பழைய பட்டியலைக் கையில் கொடுத்து, எது வந்தது, எது போனது என்று பிள்ளைகளையே அடிக்கோடிடச் சொல்லுங்கள்.